முழங்கால் தண்ணீர்

என் அக்காவின், எங்கள் வழக்கில் ராத்தாவின், முழங்காலைக் கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்விப்பதற்காகத்தான் லண்டனில் ஒரு மாத லீவு எடுத்துக்கொண்டு வந்தேன். வந்த இடத்தில் ஒரு நீச்சல் குளத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீச்சல் குளம் எனக்குப் புதிதல்ல. பதினாறு வருடமாகக் கிழக்கு லண்டனில் ஒரு பொதுக் குளத்தில் உயிர்காப்பாளராக இருக்கிறேன். உயரமான கதிரையில் விசிலோடு உட்கார்ந்து, யாரும் மூழ்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. உண்மையில் யாரும் மூழ்குவதில்லை. தண்ணீருக்குள் மூக்கைச் சிந்துகிறார்கள், வழியை மறித்து நின்று மருமகளைப் பற்றிக் கதைக்கிறார்கள், காதில் தண்ணீர் போனதற்கு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்த ஊரை நான் மெச்சுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

புத்தளத்துக்கு வரும் பஸ் முந்தல் என்ற ஊரில் நின்றுவிட்டது. "ரெண்டே நிமிஷம், எஞ்சின் கொஞ்சம் ஆறட்டும்" என்று கண்டக்டர் சிங்களத்தில் சொன்னார். எஞ்சின் ஆறுவதற்குள் நான் ஒரு மாளுபாண் தின்று, ஒரு பிளேன்டி குடித்து, கடைக்காரரின் மகன் இறால் பண்ணை வைத்து நட்டப்பட்ட கதை முழுவதையும் கேட்டு முடித்தேன். மாளுபாணுக்குள் மீன் இருந்ததாகச் சத்தியம் செய்ய மாட்டேன். மீனின் வாசம் இருந்தது. பஸ் புறப்பட்டபோது கண்டக்டர், தானே எஞ்சினைப் பெற்று வளர்த்தவர் போலச் சிரித்தார்.

ராத்தாவின் வீடு கல்பிட்டி வீதியில், கடலோரக் களப்புப் பக்கமாக. தொண்ணூறில் போரின்போது மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம்களின் குடியிருப்பு. சுவர் கல்லாகி, கூரை ஓடாகி, பிள்ளைகளுக்குப் பிள்ளைகளும் பிறந்தாயிற்று. இன்னும் ஓட்டோக்காரரிடம் "கேம்புக்கு" என்றால்தான் இடம் விளங்குகிறது. நாங்களும் படகில்தான் வந்தோம். அப்போது எனக்கு ஒன்பது வயது, ராத்தாவுக்கு இருபத்தொன்று. உம்மா அடுத்த வருடமே மௌத்தாகிவிட்டதால் என்னை வளர்த்தது ராத்தாதான்.

கதவைத் திறந்ததும் நான் பார்த்தது தொழுகைப் பாயையும், அதன் மேல் போட்டிருந்த வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையையும்தான். நாலு வருடமாக ராத்தா கதிரையில் இருந்துதான் தொழுகிறாள். முழங்கால் மடங்காது. சுஜூதுக்குத் தலையைக் கொஞ்சம் முன்னால் குனிப்பதோடு சரி. நெற்றி தரையைத் தொடுவதில்லை. அதைப் பற்றித்தான் ஒவ்வொரு போனிலும் அழுவாள்.

"நாலாம் கிழமை வியாழன் டொக்டர் வரச் சொல்லியிருக்கிறார். உடுப்பெல்லாம் எடுத்து வை" என்றேன்.

"நான் வர ஏலாண்டு சொல்லல்லயே" என்றாள். "அதுக்குள்ள நெத்தி பாயில பட்டுட்டா ஏன் வெட்டணும்?"

"எப்படிப் படும்?"

"நீச்சல் குளத்துக்குப் போறன் புள்ள. ரெண்டு மாசமாப் போறன். இந்தா பாரு."

கதிரையைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டு, பாயில் முழங்காலை ஊன்றினாள். மெல்ல மெல்லக் குனிந்தாள். நெற்றி அந்தரத்தில் நின்றது. "சாண் போட்டுப் பாரு" என்றாள் மூச்சை அடக்கிக்கொண்டு. பாயில் கட்டைவிரலை வைத்தேன். சின்னவிரல் அவள் நெற்றியில் பட்டது. சரியாக ஒரு சாண்.

"முந்தி ஒரு முழம் இருந்திச்சி" என்றாள் பெருமையாக.

எக்ஸ்ரே படத்தை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டு முழமும் சாணும் அளந்துகொண்டிருக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நீச்சல் குளம் என்ற சொல்லில் கொஞ்சம் சாந்தமானேன். கடைசியில் இந்த ஊருக்கும் ஒரு உருப்படியான விஷயம் வந்திருக்கிறது என்று நினைத்தேன். என் அவசரப் புத்தி.

செவ்வாயும் புதனும் பெண்களுக்கான நாட்கள். செவ்வாய்க்கிழமை இருவரும் ஓட்டோவில் போனோம். பொது நீச்சல், உடற்பயிற்சி நிலையம் என்று வாசலில் எழுதியிருந்தது. அதைவிடப் பெரிய எழுத்தில் திறந்து வைத்தவர்களின் பெயர்கள் கல்லில் இருந்தன. குளத்தில் ஒரே நேரத்தில் இறங்கக்கூடியவர்களைவிடக் கல்லில் இருந்தவர்கள் அதிகம்.

முதலில் ஜிம்மைப் பார்த்தேன். ஓடும் மெஷின்கள் மூன்று. மூன்றுக்கும் பொலித்தீன் உறை கழற்றப்படவில்லை. கழற்றினால் பழுதாகிவிடும் என்று உறைக்கு மேலேயே நடக்கிறார்கள். மிதிக்கும் சைக்கிளின் கைபிடியில் யாரோ ஈரச் சாரத்தைக் காயப்போட்டிருந்தார்கள். அந்த அறையில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது நிலைக்கண்ணாடி ஒன்றுதான்.

பிறகு தகரவேலியைத் தாண்டிக் குளத்துக்குப் போனேன். போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஐந்தடிக் குளத்தில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இருந்தது. நீலச் சுவர் முழுவதும் வெளியே தெரிந்தது. கீழே பதினொரு பெண்கள், கல்யாண வீட்டில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவர்கள் மாதிரி, உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் வட்டமாக இருந்தார்கள். ஒருத்தி காலை நீட்டி மடக்குகிறாள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பி எழும்பி இருக்கிறாள். மாம்புரியில் பீட்றூட் தோட்டம் செய்யும் சல்மா என்றொருத்தி தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற குரலில், "பிஸ்மில்லாஹ், ஒண்டு! ரெண்டு!" என்று எண்ணுகிறாள். ராத்தாவும் படியில் பக்கவாட்டாக இறங்கிப்போய் அந்த வட்டத்தில் சேர்ந்துகொண்டாள்.

குளத்தைப் பார்த்துக்கொள்பவர் அமானுல்லா நானா. அறுபது தாண்டியவர். முப்பது வருடம் உப்பளத்தில் வேலை செய்தவர் என்று பிறகு தெரிந்தது. வேலிக்கு வெளியே, குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வாளியின் மேல் இருந்தார்.

"ஏன் நானா தண்ணி இல்ல?" என்றேன்.

"இரிக்கே தங்கச்சி."

"இது தண்ணியா? நேத்து ஆம்புளைகளுக்கு எவ்வளவு இருந்திச்சி?"

"நேத்து நெறைய. திங்கக்கிழம பின்னேரம் தொறந்து விட்டுருவன். புதன் முடிய மோட்டர் போட்டு நெரப்பிருவன்."

"ஏன்?"

"பொம்புளைகள் இறங்கிறதெண்டா பொம்புள லைப்காட் ஒராள் இரிக்கணும். இங்க இல்ல. முழங்கால் தண்ணியில யாரும் மௌத்தாக மாட்டாங்க. அதால லைப்காட் தேவல்ல."

அவர் இதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்குத் தலை சுற்றியது. உயிர்காப்பாளரை எடுப்பதற்குப் பதிலாகத் தண்ணீரை எடுத்துவிட்டார்கள்! பஸ் கவிழும் என்று பயந்து சக்கரத்தைக் கழற்றி வைத்தது மாதிரி. இப்படியொரு மூளை உலகத்தில் வேறெந்த ஊருக்கும் வாய்க்காது என்று நினைத்தேன். ஆண்கள் கழுத்தளவு தண்ணீரில் பாய்ந்து விளையாட, பெண்கள் கால் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். கோபத்தில் நான் தண்ணீரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

நேரே கந்தோருக்குப் போனேன். முகாமையாளர் ஒரு சிங்களப் பொடியன். நல்ல மரியாதை தெரிந்தவர், அதைவிட நல்ல சட்டை. நான் கல்யாணம் முடித்துப் போகும்வரை புத்தளத்திலேயே வளர்ந்தவள் என்பதால் சிங்களத்திலேயே சண்டை பிடித்தேன். என் லண்டன் அடையாள அட்டையை மேசையில் போட்டேன். ஒரு மாதத்துக்கு நானே இலவசமாகக் காவல் இருக்கிறேன், குளத்தை நிரப்புங்கள் என்றேன்.

"எழுத்தில் தாங்க மிஸ், மேலே அனுப்புகிறேன்" என்றார்.

எழுதினேன். ஒரு பக்கத்துக்கு எழுதினேன். "முழங்கால் அளவு தண்ணீர் பெண்களுக்கு அவமானம். அவர்கள் நீந்த வருகிறார்கள், கால் கழுவ அல்ல" என்ற வரியை இரண்டு முறை வாசித்து நானே மெச்சிக்கொண்டேன். அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது முகாமையாளரும் தலையாட்டினார். மேலிடம் என்பது மூன்று மாதத்துக்குப் பிறகுதான் மூச்சே விடும் என்று நினைத்திருந்தேன். லண்டன் என்ற ஒரு சொல்லுக்கு வெள்ளிக்கிழமையே பதில் வந்துவிட்டது. சரியான காரியத்துக்கு ஆமை, பிழையான காரியத்துக்கு முயல்.

இடையில் ஒரு நாள் கல்பிட்டிப் பக்கம் போனேன். அங்கே வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு களப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போகிறார்கள். அவர்களின் ஹோட்டலில், கடலுக்கு இருபது அடி தள்ளி ஒரு நீச்சல் குளம். அதற்குள் ஒருவரும் இல்லை. வாசலில் மீன் ரொட்டி விற்றவர், "கடலப் பாக்கத்தான் இந்தக் குளமாம்" என்றார். மீன் ரொட்டி அருமை. இந்தப் பயணத்தில் நான் குறை சொல்ல முடியாமல் போன ஒரே பண்டம் அதுதான்.

இரண்டாவது செவ்வாய்க்கிழமை குளம் விளிம்புவரை நிறைந்திருந்தது. நீலமாக, ஒழுங்காக, குளம் மாதிரியான குளமாக. கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு ஆழமான பக்கத்தில் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால் எனக்குக் கண் கலங்கியது.

பெண்கள் வந்தார்கள். தண்ணீரைப் பார்த்தார்கள். கூடைகளை மடியில் வைத்துக்கொண்டு சீமெந்து வாங்கில் வரிசையாக இருந்துவிட்டார்கள்.

"இறங்குங்க, நான் இரிக்கிறன்" என்றேன்.

ஒருத்தரும் அசையவில்லை. சல்மாதான் வாயைத் திறந்தாள். "இது யார்ர வேல?"

ராத்தா என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பினாள். தங்கச்சியை எல்லோர் முன்னாலும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் எழும்பினாள். அது எனக்கு இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி இறங்கினாள். இரண்டு. மூன்று. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. நாலாவது படியில் நெஞ்சுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டாள். இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

அந்த முகத்தை நான் முன்பு பார்த்திருக்கிறேன், மேலிருந்து. தொண்ணூறில் படகுக்காரன் கல்பிட்டிக் கரைக்குக் கிட்ட வராமல் ஆழத்திலேயே எங்களை இறக்கிவிட்டான். நீந்தத் தெரியாத ராத்தா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்தாள். அடுத்த அடி வைத்தால் நிலமா பள்ளமா என்று அவளுக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு சவாரியாக இருந்தது. அதற்குப் பிறகு நான் நீச்சல் பழகினேன், லண்டன் போனேன், விசில் ஊதினேன். ராத்தா முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரும் எந்த இடத்திலும் கால் வைத்ததில்லை. பயந்த முகத்தைக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற எனக்கு, இது ஒரு வாரமாக ஞாபகமே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பாய்ந்து இறங்கிப் பிடித்தேன். அவசரத்தில் திரும்பியபோது அவள் கால் வழுக்கி முழங்கால் முறுகிவிட்டது. சல்மாவும் நானுமாகத் தூக்கி வெளியே எடுத்தோம். பின்னேரத்துக்குள் முழங்கால் பனங்காய் அளவுக்கு வீங்கியது. மறுநாள் முழுவதும் படுத்தபடியே தொழுதாள். சாணும் போய், முழமும் போய்விட்டது. கொழும்புக்கு இன்னும் இரண்டு கிழமை. அவள் என்னைத் திட்டவில்லை. உடுப்புப் பையை எடுத்துத் தரச் சொல்லி, அதற்குள் இரண்டு உடுப்பை மடித்து வைத்தாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் அமானுல்லா நானாவிடம் போனேன். அதே வாளியில் அதே மாதிரி இருந்தார்.

"நானா, தண்ணிய எறக்கி விடுங்க."

"ஏலா தங்கச்சி. இப்ப ஓடர் வந்திட்டு. எல்லா நாளும் முழுத் தண்ணி." வாளியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பிப் போட்டார். "லைப்காட் இல்லாட்டி பொம்புளைகள்ர நாளையே வெட்டப் போறமெண்டுதான் மேல சொன்னாங்க. நான்தான் இந்த யோசனையக் குடுத்தன். அளத்தில தண்ணிய மெல்லிசா விட்டா வெயில்ல நல்லா சூடேறும். இங்கயும் அப்பிடித்தான், காலெல்லாம் இளகிரும். மொதல்ல ஒராள் ரெண்டாள்தான் வந்த. பொறகு கால் ஏலாத எல்லாரும் வரத் தொடங்கிட்டாங்க. நீங்க கையப் போட்டுப் பாக்கல்லயா?"

இல்லை, பார்க்கவில்லை. லண்டனில் இதே சூட்டுத் தண்ணீருக்கு ஆஸ்பத்திரியில் தனிக் கட்டிடம் கட்டி, வெள்ளைச் சட்டைக்காரர்களை வைத்து, வரிசையில் மாதக்கணக்காகக் காத்திருக்க வைக்கிறார்கள். இங்கே ஒரு உப்பளத்து மனுசன் ஒரு அடைப்பைத் திறந்து, வெயிலை வைத்துச் செய்துவிட்டார். நான் அதை மூளையில்லாத வேலை என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

முகாமையாளர் என்னை எழும்பி நின்று வரவேற்றார். விஷயத்தைக் கேட்டதும் இருந்துவிட்டார். "முந்தின கடிதத்தை வாபஸ் வாங்குவதென்றால் இன்னொரு கடிதம் வேண்டும் மிஸ். காரணமும் எழுத வேண்டும்."

"என்ன காரணம் எழுதுவது?"

லாச்சியைத் திறந்து என் முதல் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். "இதற்கு எதிராக எழுதினால் சரி" என்றார். கிண்டல் செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, அவர் பைல் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் பார்த்தார்.

எழுதினேன். "பெண்களுக்கு முழங்கால் அளவு தண்ணீர் போதும்." என் கையெழுத்து, என் பெயர், லண்டன் முகவரி, வேலை: உயிர்காப்பாளர். இந்த வரியை வேறு யாராவது எழுதியிருந்தால் அந்த ஆளை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். முகாமையாளர் அதற்கு ஒரு பிரதி எடுத்து எனக்கும் தந்தார். இன்னும் கைப்பையில் கிடக்கிறது.

மூன்றாவது செவ்வாய்க்கிழமை தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. இந்த முறை முதலில் கையை வைத்துப் பார்த்தேன். குழந்தைக்குக் குளிக்க வார்க்கிற சூடு. ராத்தா ஊன்றுகோலோடு வந்தாள். சல்மா என் கழுத்தைப் பார்த்து, "அந்த விசிலக் கழட்டிட்டு நீயும் வந்து இரி" என்றாள். இருந்தேன். ராத்தாவின் காலை என் மடியில் வைத்து, தண்ணீருக்குள் மெல்ல மடித்து நீட்டினேன். அவள் "யா அல்லாஹ்" என்றாள், சல்மா எண்ணினாள். புதன்கிழமையும் அப்படியே. வீட்டில் மற்ற நாட்களில் பெரிய பேசினில் வெந்நீர் வைத்து நானே செய்தேன். வீக்கம் வற்றியது. நாலாவது செவ்வாய்க்கிழமை தண்ணீருக்குள் தானாக முழங்காலில் இருந்தாள். ஆனால் வீட்டில் சாண் போட்டுப் பார்க்க நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. மூலையில் உடுப்புப் பை கட்டினபடியே இருந்தது.

புதன்கிழமை குளத்தால் வரும்போது அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். விடிந்தால் கொழும்பு. ராத்தா வுழூச் செய்துகொண்டு வந்து பாயின் முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பிளாஸ்ரிக் கதிரையைப் பார்த்தாள்.

"அந்தக் கதிரைய அங்கால எடு" என்றாள்.

"பிடிச்சி இறங்க வேணாமா?"

"எடு."

கதிரையை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதிலேயே இருந்தேன். உள்ளே தக்பீர் கேட்டது. பிறகு முனகல். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக, பார்க்க வேண்டிய நேரத்தில் நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் விழுந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

தொழுகை முடிந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. நெற்றியில், நட்டநடுவில், பாயின் பின்னல் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது.

"சாண் போட்டுப் பாக்கிறியா?" என்று கேட்டாள்.

நான் கதிரையை விட்டு எழும்பாமலே அழுதேன்.